பொம்மைப் படத்தில் என் குரல்

அந்தப் படத்தில் என்னை வரைந்திருந்த விதத்தைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒல்லியாக, கூன் விழுந்து, முகத்தில் பாதியை மறைக்கிற மூக்குக்கண்ணாடியோடு ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கோழி. தட்டில் ஒரே ஒரு அவித்த முட்டை. நாமக்கல் என்றால் முட்டை, அதனால் நாமக்கல்காரி என்றால் முட்டையும் கோழியும்! நான் கண்ணாடி போடுவதில்லை. எங்கள் வீட்டில் கோழி வளர்த்ததே இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் கூனும் கிடையாது. நாள் முழுக்க ஏணியில் ஏறி நின்று லாரிகளின் பின்கதவில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவளுக்குக் கூன் எங்கிருந்து வரும்?

ஆனால் அந்தப் பொம்மை வாயைத் திறந்தபோது வந்தது என் குரல். என்னைப் போலப் பேசிய யாரோ ஒருத்தியின் குரல் இல்லை. என்னுடையதேதான். நான் என்றைக்கோ ஒருவரிடம் போனில் பேசியது, இருமல் உட்பட.

லாரி ஓட்டுகிற தம்பி ஒருவர் அதை என் போனுக்கு அனுப்பியிருந்தார். "அக்கா, இது உங்க குரல் மாதிரியே இருக்குது" என்று கீழே எழுதியிருந்தார். பதினான்கு நிமிடம் ஓடுகிற பொம்மைப் படம். கடையில் நின்றபடியே பார்த்தேன். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. எழுத்து வெட்டுவது என் தொழில் என்பதால், என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னால் எப்படி எழுதியிருக்கிறது என்பதுதான் கண்ணில் பட்டது. மெல்லிய, வளைவான எழுத்து. லாரிக்கு ஆகாது, கல்யாணப் பத்திரிகைக்கு ஆகும் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் படித்தேன். 'என் அப்பாவின் நினைவாக.'

போனில் அந்தப் பக்கம் பேசியவர் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

முதலிலிருந்து சொன்னால்தான் என் கோபம் விளங்கும்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் வரிசையாக இருக்கிற சாலையில் எனக்கு ஒரு ஸ்டிக்கர் கடை. புது லாரி பட்டறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக வந்து நிற்பது என் கடை வாசலில்தான். குலசாமி பெயர், பிள்ளைகளின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுவேன். நான் பிறந்தது சேலம் டவுனில், மாதா கோயில் மணி வீட்டுக்குள் கேட்கிற தூரத்தில். கட்டிக்கொடுத்தது நாமக்கல்லில். கடை என் வீட்டுக்காரருடையது. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. கடையை விற்றுவிட்டு சேலத்துக்கே வந்துவிடு என்று என் தம்பி சொன்னான். நான் போகவில்லை. பிளேடைப் பிடித்து எழுத்து வெட்டப் பழகினேன், பிறகு மிஷின் வாங்கினேன். ஒவ்வொரு வண்டியின் பின்கதவிலும் வலது மூலையில் சுண்டுவிரல் உயரத்துக்கு என் கடை நம்பரையும் ஒட்டிவிடுவேன். விளம்பரம்தான், வேறென்ன.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்த நம்பருக்கு ஒரு போன் வந்தது. எடுத்ததுமே எதிர்ப்பக்கம் கத்தல்.

"ஏனுங்க, உங்க வண்டிக்காரன் என்ற கடைச் சாய்ப்ப இடிச்சுத் தள்ளிப்போட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டானுங்க! ரிவர்ஸ் எடுக்கறவன் பின்னால பாக்க மாட்டானுங்களா? நாலு தகரம் போச்சுங்க!"

அன்று காலையில்தான் ஒரு முதலாளியின் மகன் பெயரில் புள்ளி விட்டுப்போய் முழுப் பெயரையும் பிய்த்து எடுத்திருந்தேன். நானும் கத்தினேன்.

"யாருங்க நீங்க? எந்த வண்டி? இது ஸ்டிக்கர் கடைங்க. நான் ஒட்டறவ, ஓட்டறவ இல்லைங்க!"

அந்த மனிதர் சிரிக்கத் தொடங்கினார். நெஞ்சிலிருந்து வருகிற, அடக்க முடியாத சிரிப்பு. "ஒரு சுழியில தப்பிச்சுக்கிட்டீங்களே அம்மிணி" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாக்பூர் தாண்டி ஜபல்பூர் போகிற சாலையில் அவருக்கு ஒரு இட்லிக் கடை. நம் பக்கத்து லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடுகிற கடை. கடை முன்பக்கத் தகரக் கூரையை இடித்துவிட்டுப் போன வண்டியின் பின்னால் முதலாளி நம்பர் சேறு அப்பி மறைந்துவிட்டதாம். மூலையில் இருந்த என் நம்பர்தான் அவர் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. பின்கதவில் இருந்ததாக அவர் சொன்ன பெயரையும் சாமி படத்தையும் வைத்து அது யார் வண்டி என்று கண்டுபிடித்தேன். முதலாளி வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். அடுத்த நடையில் அதே டிரைவர் தகரம் வாங்கிக்கொண்டு போய் அடித்துக் கொடுத்தார். அதைச் சொல்வதற்கு இட்லிக் கடைக்காரர் மறுபடி கூப்பிட்டார்.

"அம்மிணி, சாய்ப்பு பழசை விட நல்லா இருக்குதுங்க. நீங்க நாமக்கல்ல எங்கீங்க?"

சொன்னேன்.

"எனக்குப் பக்கத்துல எருமப்பட்டிங்க. வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அங்க மழைங்களா?"

அதற்குப் பிறகு மூன்றரை மணி என்றால் அவர் போன் வரும். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்திருக்கும். "குண்டான் கழுவியாச்சுங்க அம்மிணி" என்பதுதான் அவர் ஹலோ. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் இரண்டு தடவை, ஒரு வருடத்துக்குள் ஞாயிறு தவிர தினமும். அன்றைக்கு என் கடை ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகள் எத்தனை அந்தப் பக்கம் போயின என்று சொல்வார். "இன்னைக்கு உங்க எழுத்து மூணு போச்சுங்க. ஒண்ணுல சிவப்பு வெளுத்துப்போச்சு, பாத்துக்கங்க." நான் கோயில் பாடற்குழுவில் யார் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வேன். கொல்லிமலை மேல் மேகம் நிற்கிறதா என்று கேட்பார். இல்லாவிட்டாலும் நிற்கிறது என்பேன், அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று.

"ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்களேன் அண்ணா" என்றால், "வந்து யார் ஊட்டுல உக்காரறது" என்பார். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

வீடியோவில் பேசலாமே என்று ஒரு தடவை கேட்டேன். "மூஞ்சி எதுக்குங்க, பேச்சுதான இருக்குது" என்றார். நானும் விட்டுவிட்டேன். ஆறு வருடம் பேசினோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் என் அண்ணன். அது எனக்கும் அவருக்கும் தெரிந்திருந்தது, வேறு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு ஒரு மகள் இருந்தாள்.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் படத்தில் இல்லை. அந்த மகள் பிறந்தபோதே கடை இருந்தது. கடைச் சுவரில் அடுப்புக்கரியால் லாரி வரைந்துகொண்டே வளர்ந்தாள். அவளுக்குப் பத்து வயதாகும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிக்காரர்கள் நடுவில், ஒரு பெண் குழந்தையை ஒற்றை ஆளாக வளர்க்க அவருக்குப் பயம். பெங்களூரில் இருந்த மனைவியின் அக்கா வீட்டில் விட்டார். வருடத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பார். படித்தாள், பெரியவள் ஆனாள், பொம்மைப் படம் வரைகிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவருக்கு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தாள். அதோடு பேச்சும் குறைந்துவிட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூப்பிடுவாள், இரண்டு நிமிடம்.

"கண்ணு பிஸிங்க" என்பார். அந்த 'பிஸி'யை அவர் சொல்கிற விதம் இருக்கிறதே, ஏதோ கலெக்டர் உத்தியோகம் மாதிரி பெருமையாகச் சொல்வார். கடைச் சுவரில் அவள் கரியால் வரைந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கவே மாட்டார். அவளைப் பற்றிப் பேசாமல் அவர் போனை வைத்த நாள் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

போன வருடம் கோடை முடிகிற சமயம். அவருக்கு மூன்று நாளாக நெஞ்சு எரிச்சல். "மகள்கிட்டச் சொன்னீங்களா?" என்றேன். கூப்பிட்டாராம், எடுக்கவில்லையாம். "பிஸிங்க" என்றார்.

எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. "என்ன அண்ணா பிஸி பிஸின்னு! ஆறு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். அவ பிஸியும் இல்ல ஒண்ணும் இல்ல. அவளுக்கு நீங்க வேண்டாம், அவ்வளவுதான். ஊருக்கே தெரியுது, உங்களுக்கு மட்டும் தெரியல. கடையை மூடிட்டு இங்க வாங்க. நான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் அடுப்பு எரிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "வெச்சுடறேன் அம்மிணி" என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் மூன்றரைக்குப் போன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சொன்னதில் என்ன தப்பு, உண்மையைத்தானே சொன்னேன் என்று இருந்துவிட்டேன். பத்து நாள், பன்னிரண்டு நாள். பதினைந்தாவது நாள் நானே கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுநாளும் சுவிட்ச் ஆஃப். ரோஷக்காரர், நம்பரையே மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் போகிற டிரைவர்களிடம் சொல்லிவிட்டேன். ஒருவர் வந்து கடை பூட்டிக்கிடக்கிறது என்றார். இன்னொருவர் போர்டே இல்லை என்றார். எங்கேயோ போய்விட்டார் என்றுதான் நினைத்தேனே தவிர, எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு மாதம் அவர்மேல் கோபமாக இருந்தேன். செத்துப்போன மனிதர்மேல்.

படத்தைப் பார்த்த அன்று கடையை மூடிவிட்டு மாதா கோயிலுக்குப் போய் அவர் ஆத்துமாவுக்காக ஒரு பூசைக்கு எழுதிக் கொடுத்தேன். எழுதிக்கொண்ட உபதேசியார் பெயரைப் பார்த்துவிட்டு, "இந்துவாச்சே, உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். "அண்ணன்" என்றேன். என் தம்பி ஒருவன்தான் என்று அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கோபம் முழுசாக எழுந்தது. படத்தை வெளியிட்டிருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்து, 'அந்தக் குரல் என்னுடையது, என்னைக் கூப்பிடவும்' என்று ஒரே வரி எழுதி நம்பரைப் போட்டேன். மறுநாளே போன் வந்தது.

"ஆன்ட்டி! நீங்கதானா? உங்களை எவ்வளவு தேடினோம் தெரியுமா?" மகள்தான். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"எங்கம்மா தேடினே?" என்றேன். "அவர் போன்லதானே என் பேச்செல்லாம் எடுத்தே? அதுலயே என் நம்பர் இருந்திருக்குமே."

நான் விடவில்லை.

"என்னன்னு பேர் போட்டு வெச்சிருந்தாரு?"

"...ஸ்டிக்கர் அம்மிணி."

"அதைத் தொட்டிருந்தா நான் எடுத்திருப்பேன். ஒரு தடவை தொட்டியா?"

அழைப்புகளைத் தானாகவே பதிந்துவைக்கிற போன் அது. அவருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் போனதற்குப் பிறகு அவள் அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஆயிரத்துக்கு மேல் பேச்சுகள். கேட்கத் தொடங்கியவளுக்கு நிறுத்த முடியவில்லையாம். இரண்டு தனிமையான மனிதர்கள், முகம் பார்க்காத நட்பு, எவ்வளவு அழகான கதை என்று அவளுடைய நண்பர்கள் எல்லோரும் சொன்னார்களாம்.

தனிமையாம்! எனக்குக் கடை இருக்கிறது. பட்டறைத் தெரு முழுக்க என்னை அக்கா என்று கூப்பிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பாடற்குழு இருக்கிறது. ராத்திரி தனியாகச் சாப்பிடுகிறேன், உண்மைதான். அதை நான் அவரிடம் சொன்னதும் உண்மைதான். ஆனால் நான் அவரிடம் சொன்னேன். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவர்களிடம் சொல்லவில்லை.

சேலத்தில் ஒரு கல்லூரியில் படத்தைப் போடப்போவதாகச் சொன்னாள். சனிக்கிழமை காலை. "நீங்க கண்டிப்பா வரணும் ஆன்ட்டி, மேடையில உக்காரணும்." போகக்கூடாது என்று மூன்று நாள் நினைத்தேன். நான்காம் நாள் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கேட்க வேண்டியதை நேரில் கேட்டுவிட வேண்டும் என்றுதான்.

வாசலிலேயே நின்றிருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டிய, கண்ணுக்குக் கீழே கறுத்த, முப்பது வயதுப் பெண். என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சங்கடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் போனை எடுத்து, "அப்பா போட்டோ பாக்கறீங்களா?" என்றாள்.

பொம்மைப் படத்தில் அவர் குண்டு. பெரிய மீசை. தொப்பை குலுங்கச் சிரிக்கிறவர். போட்டோவில் இருந்தவர் ஒல்லி. மீசையே இல்லை. மூக்கின் நுனியில் கண்ணாடி. தலையைச் சற்றுச் சாய்த்து, போட்டோ எடுக்கிறவரிடம் ஏதோ கேட்கப்போகிறவர் மாதிரி இருந்தார். ஒரு நிமிடம் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த முகத்தில் அந்தக் குரலைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொருந்தியது.

"அவர் கண்ணாடியைக் கழட்டி எனக்கு மாட்டி விட்டிருக்கே" என்றேன். "ஏன் இப்படி மாத்தி வரைஞ்சே?"

"டிசைன்ல அதுதான் நல்லா வந்துச்சு ஆன்ட்டி."

கோபம் திரும்பி வந்துவிட்டது.

அரங்கம் நிறைந்திருந்தது. முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். படம் ஓடியது. 'ஒட்டறவ, ஓட்டறவ இல்லைங்க' என்று என் குரல் சொன்னபோது கூட்டம் மொத்தமும் சிரித்தது. கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொம்மைக் கிழவர் எருமப்பட்டியில் மழையா என்று கேட்டபோது பக்கத்தில் இருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள். படம் முடிந்ததும் ஒரு ஆசிரியர் மேடையேறி, அந்த நட்பில் ஒருவர் இங்கேயே இருக்கிறார் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. ஆனால் அன்று வார்த்தை தடுக்கவில்லை.

"படம் நல்லா இருக்குதுங்க. ஆனா இதுல ஒரு ஆளைக் காணோம். இந்தப் பெரியவருக்குப் படத்துல யாருமே இல்ல. பிள்ளை குட்டி இல்ல. நிஜத்துல அவருக்கு ஒரு மக இருந்தா. ஆறு வருசம் எங்கிட்டப் பேசினதுல பாதி அவளைப் பத்தித்தான். அதையெல்லாம் வெட்டி எடுத்துட்டாங்க. யார் வெட்டினதுன்னா, அந்த மகதான். இதோ நிக்கறாங்க. அப்பா கூப்பிட்டா எடுக்கறதுக்கு நேரமில்ல, செத்த பிறகு ஆயிரம் பேச்சைக் கேக்கறதுக்கு நேரம் இருந்திருக்கு. என்னைக் கேட்காம என் குரலை எடுத்தது தப்பு. அதை எடுத்துடுங்க. அவர் மகளைப் படத்துல வெச்சுட்டு அப்புறம் கைதட்டு வாங்குங்க."

மைக்கை மேஜைமேல் வைத்தேன். டொக்கென்று அரங்கம் முழுக்கக் கேட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்து வெளியே வந்துவிட்டேன்.

வண்டிகள் நிறுத்துகிற கொட்டகைப் பக்கம் போகும்போது பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவருக்கும் கோபம் வந்தால் இப்படித்தான் கழுத்து நரம்பு புடைக்குமோ என்னவோ, அவளுக்குப் புடைத்திருந்தது.

"பேசிட்டீங்க இல்ல? இப்ப நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"எல்லாப் போன்காலும் கேட்டேன்னு சொன்னேன். எல்லாமேன்னா கடைசியும்தான். 'அவளுக்கு நீங்க வேண்டாம், அவ்வளவுதான்.' அதையும் கேட்டேன். அதுக்கு அப்புறம் அப்பா ஒன்பது நாள்தான் இருந்தாரு. அந்த ஒன்பது நாள்ல எனக்கு ஒரு தடவைகூடக் கூப்பிடல. முன்னெல்லாம் நான் எடுக்கலைன்னாலும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. அதுக்கு அப்புறம் நிறுத்திட்டாரு."

ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"நான் என்னைப் படத்துல வைக்கணும்னா அந்தக் கடைசிப் பேச்சையும் வைக்கணும் ஆன்ட்டி. அது இல்லாம என்னை எப்படி வைக்கறது? அதை வெச்சா நீங்க என்ன ஆவீங்கன்னு யோசிச்சீங்களா? எனக்காக மட்டும் வெட்டல. உங்களுக்காகவும்தான் வெட்டினேன்."

பிறகு, "குரலை எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராசிபுரம் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்பன் சாவுக்கு என்னைக் காரணமாக்கப் பார்க்கிறாள் என்று. ராசிபுரம் தாண்டியதும் திட்ட ஆள் மாறிவிட்டது. ஒன்பது நாள். நான் ரோஷத்தோடு எண்ணிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் நெஞ்சு எரிச்சலோடு இட்லி ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். மகளும் இல்லை, நானும் இல்லை. நான் பொய் சொல்லவில்லைதான். ஆனால் மேகமே இல்லாத நாளில் மேகம் நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, அன்றைக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரியவில்லை.

அவள் சொன்னபடியே செய்தாள். இரண்டு மாதம் கழித்து மாற்றிய படத்தை எனக்கு அனுப்பினாள், ஒரு வார்த்தையும் எழுதாமல். என் குரலுக்குப் பதில் மெட்ராஸிலிருந்து யாரோ ஒரு பெண் பேசியிருந்தாள். நல்ல குரல்தான். படித்த குரல். ஆனால் அந்த 'ங்க' அவள் வாயில் ஒட்டவே இல்லை. ஒட்டறவ, ஓட்டறவ என்று பாடப் புத்தகம் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் சிரித்தார், அது அவருடைய நிஜச் சிரிப்பு, அதை மாற்றவில்லை. எனக்காகச் சிரித்த சிரிப்பு, முன்பின் தெரியாத ஒருத்திக்கு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கேட்டது நான்தான். கேட்டது கிடைத்தது. அதற்காக யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அன்று கடைக்கு வந்த மூன்று பேர்மேல் பாய்ந்தேன்.

பிறகு ஒரு நாள் நானே அவளைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. "அஸ்தியை என்ன பண்ணினே?" என்று கேட்டேன். நர்மதையில் கரைத்தாளாம். "எருமப்பட்டிக்குக் கொண்டுவரலையா?" என்றேன். "அங்க வந்து யார் வீட்டுல உக்காரறது?" என்றாள். அவர் சொன்ன அதே வார்த்தை. அவளிடமும் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. "என் வீட்டுல உக்காந்திருக்கலாம். இடம் இல்லையா இங்க?" என்று சத்தம் போட்டேன்.

அவள் இப்போது வேறொரு படம் எடுக்கிறாள். இதில் மகள் இருக்கிறாள். கடைசி அழைப்பும் இருக்கும் என்றாள். வைக்கலாமா என்று இந்தத் தடவை கேட்டாள். வைத்துக்கொள், குரலும் என்னுடையதே இருக்கட்டும், அந்த வார்த்தையை மெட்ராஸ்காரி தலையில் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோழி மட்டும் இருக்கக் கூடாது என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

படத்துக்காக அப்பா அவளைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவளுக்கு வேண்டும். பதிவில் இருக்கிறதே, கேட்டுக்கொள் என்றேன். மறுபடி கேட்க முடியவில்லை ஆன்ட்டி, அவர் குரலில் வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள் என்கிறாள். அதனால் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கூப்பிடுகிறாள், நான் சொல்கிறேன். இனிமையாகச் சொல்வதில்லை. திட்டிக்கொண்டேதான் சொல்கிறேன். போன வாரம், அவளுக்கு வேலை கிடைத்தது என்று பெரியம்மா போனில் சொன்ன அன்று அவர் செய்ததைச் சொன்னேன். ஒரு நாள் முழுக்கக் கடைக்கு வந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் இலையில் கேசரி வைத்திருக்கிறார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், என்ற புள்ள பொம்மைக்கு உசுரு குடுக்கற வேலைக்குப் போயிருக்குது என்று சொல்லியிருக்கிறார். பாதிப் பேருக்குப் புரியவில்லையாம், பொம்மைக் கடையில் வேலை என்று நினைத்துக்கொண்டார்களாம்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள்.

"எப்படிச் சொல்லுவாரு? அன்னைக்கும் கூப்பிட்டிருக்காரு. நீ எடுக்கல" என்றேன்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, "கேசரிக்கு என்ன கலர் போட்டாருன்னு சொன்னாரா?" என்று கேட்டாள். வரைவதற்கு வேண்டுமாம்.

"மஞ்சள்" என்றேன்.